கண்ணாடி வயிற்றுக்காரிகள்

ஆடி நோம்பி லீவு முடிந்து கம்பெனி திறந்த திங்கட்கிழமை, பதினோரு மணி டீக்குக் கொஞ்சம் முன்னால், செக்கிங் மேசைக்கு எதிரில் நின்றபடியே நாகமணியின் வயிறு கண்ணாடி ஆனது. இடி இடிக்கவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை, ஓவர்லாக் மிஷின்கள் ஒரு தையல்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு எங்கள் மேசையைத் தெரிந்திருக்கும். மேலே கண்ணாடி, அடியில் இரண்டு டியூப்லைட். தைத்து வந்த பீஸை அதன் மேல் விரித்தால் ஓட்டையும் கறையும் நூல் விட்ட இடமும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, சரிசெய்யக் கூடியதை ஆல்டருக்கும் தேறாததை ரிஜெக்ட்டுக்கும் பிரித்துப் போடுவது எங்கள் பன்னிரண்டு பேருடைய வேலை. அந்தப் பன்னிரண்டு பேரில் நாகமணிதான் கண்ணுக்குப் பெயர்போனவள். எதிர்ப்பக்க மூலையை எட்டிப் பிடிக்க அவள் மேசை மேல் சாய்ந்தபோது முந்தானை விலகியது, டியூப்லைட் வெளிச்சம் அவள் வயிற்றில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

பக்கத்து மேசை ரெஜினாதான் முதலில் பார்த்தாள். "அக்கா, உங்க வயித்துக்குள்ள இருக்கறதெல்லாம் வெளிய தெரியுது" என்று, சேலையில் கறை பட்டிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். நாகமணி குனிந்து பார்த்தாள். "ஆமா தெரியுது" என்றாள். கையில் இருந்த பீஸை முடித்து மடித்து வைத்துவிட்டுத்தான் முந்தானையைச் சரிசெய்தாள், ஏனென்றால் அன்றைக்கு புரொடக்‌ஷன் குறைந்தால் சூப்பர்வைசர் கத்துவான்.

டீ டைமில் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். எங்களில் பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள், எல்லோரும் மாதாமாதம் அவஸ்தைப்பட்டவர்கள், ஆனால் கர்ப்பப்பை என்ற ஒன்றை ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. அதுவும் கண்ணாடியாகி, வெளிச்சத்தில் தன் உள்ளறை வரைக்கும் காட்டியது. பக்கச் சுவரில் ஒரு கட்டி, முட்டைக் கத்தரிக்காய் அளவு. அதற்கு மேலே இன்னொன்று, எலுமிச்சை அளவு. உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தபடி மூன்றாவதாக ஒன்று, சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. பெரியதைப் பார்த்து நாங்கள் வாயில் கை வைத்தோம், சின்னதை யாரும் லட்சியம் செய்யவில்லை.

சாயங்காலம் மணி அடிப்பதற்குள் தையல் பிரிவில் நான்கு பேருக்கும், பிசிர் வெட்டுகிற இடத்தில் மூன்று பேருக்கும், மறுநாள் எதிர்க் கம்பெனியில் இருபது பேருக்கும், அந்த வாரக் கடைசியில் ஊர் முழுக்கவும் அது நடந்தது. கட்டி இருந்தவர்களுக்கு மட்டும்தான் வயிறு கண்ணாடி ஆனது. ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், பேங்க் கவுண்டருக்குப் பின்னால் என்று எங்கே பார்த்தாலும் கண்ணாடி வயிற்றுக்காரிகள். இத்தனை பேருக்கா, இத்தனை பேருக்கா என்று ஆண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கும்தான் தெரியாது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைத்து, கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு, பஸ்ஸில் சீட்டு இருந்தாலும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தவள்.

நாகமணிக்கு அப்போது வயது முப்பத்து நான்கு, கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. மாதத்தில் பத்து நாள் அவளுக்கு ரத்தம் போகும், அதில் நான்கு நாள் கட்டி கட்டியாகப் போகும். சூப்பர்வைசரிடம் சொன்னால் டிராயரைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுவான், என்ன மாத்திரை என்று அவனுக்கும் தெரியாது. பாத்ரூமுக்கு எத்தனை தடவை போகிறாள் என்று மட்டும் எண்ணுவான். மாமியார் ருக்குமணியிடம் சொன்னால், எல்லாப் பொம்பளைக்கும் இருப்பதுதானே என்பாள். புருஷன் தனபால் கம்பெனிச் சரக்கு ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது, ஆனால் அவள் அந்தப் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான். பதினோரு வருடம் அவள் வலிக்கிறது என்று தமிழில்தான் சொன்னாள். அது யார் காதிலும் ஏறாமல் போனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் ருக்குமணி மருமகளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏ அம்மிணி, இதுக்குள்ள கொழந்தைக்கு எங்கடி எடமிருக்குது?"

"எனக்கென்னங் தெரியும் அத்தை?"

"பதினோரு வருசமா என்ற பையனைக் குத்தஞ் சொல்லாத ஒறம்பரை சனம் இல்ல. இப்பத் தெரியுதல்லோ குத்தம் யாரோடதுன்னு."

தனபால் ஒரு தடவை பார்த்தான், பெரிய கட்டியைப் பார்த்தான், அப்புறம் டிவியைப் பார்த்தான்.

ஊர் அந்த அதிசயத்தைப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் ஜவுளிக் கடைகளில் வயிற்றுப் பட்டி விற்பனைக்கு வந்தது, இரட்டை லைனிங், பூப்போட்டது, எல்லா நிறத்திலும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் கம்பெனியைப் பார்க்க வரும்போது கண்ணாடி வயிறு உள்ள பெண் தொழிலாளர்கள் கட்டாயம் பட்டி கட்டியிருக்க வேண்டும் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். பெண் பார்க்கப் போன இடத்தில், பாட்டுப் பாடச் சொன்ன காலம் போய், பெண்ணைக் கொஞ்சம் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, அவளுக்கு எலுமிச்சை, இவளுக்குச் சாத்துக்குடி, மூன்றாவது வீட்டுக்காரிக்குக் கொத்தவரங்காய் மாதிரி வரிசையாக என்று சந்தை விலை பேசுகிற மாதிரி பேசினார்கள். ஜோசியர் கட்டியின் எண்ணிக்கைக்குத் தோஷம் சொன்னார். ரத்தம் போகிற நாட்களில் அது உள்ளே ஊறி, சேர்ந்து, இறங்குவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது, அந்த நாட்களில் மட்டும் எல்லோரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எண்ணிப் பார்க்க ஊரே வந்தது. வலிக்கிறதா என்று கேட்க ஒரு நாய் வரவில்லை.

மெயின்ரோட்டில் நாலு மாடி ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அது கண்ணாடி வயிற்றுக்குச் சிறப்பு முகாம் என்று பெரிய பேனர் கட்டியது. உள்ளே போனால் டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, எழுந்திருக்காமல், எட்டடி தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார். "கர்ப்பப்பையை எடுத்துரலாம். வெச்சிருந்தா பின்னால கேன்சராயிரும்" என்பார். இதையும் வயிற்றுக்காரியிடம் சொல்ல மாட்டார், பக்கத்தில் நிற்கிற புருஷனிடம் சொல்வார். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பார். புருஷன் கையெழுத்துப் போடுவான். அட்டை இருந்த வீட்டுக்கெல்லாம் அந்த வாரமே தேதி கிடைத்தது.

கர்ப்பப்பையை எடுத்ததும் வயிறு மறுபடியும் பழையபடி தோலாகிவிடும். நடுவில் ஒரு தையல் கோடு மட்டும் இருக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இனிமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை, சோறு போடும்போது குனிந்தால் கண்ணில் எதுவும் படாது, விருந்தாளி வந்தால் மறைக்க வேண்டாம். இருபத்தேழு வயதுக்காரிகள்கூட அந்த மாடிகளில் ஏறி, தோல் வயிற்றோடு இறங்கி வந்தார்கள். நடு ஜாமம் போல உடம்பெல்லாம் வேர்க்கிறது, எலும்பு வலிக்கிறது, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது என்று, சினைப்பையும் சேர்த்து எடுக்கப்பட்டவர்கள் அப்புறம் சொன்னபோது, வயிறுதான் நல்லாயிடுச்சே என்று ஊர் பதில் சொன்னது.

அடுத்தவர்களை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. எங்கள் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி செக்கிங் பண்ண ஆரம்பித்தோம். கைப்பழக்கம், வேறென்ன சொல்ல. மேசையில் படுக்க வைத்து டியூப்லைட்டைப் போடுவோம், கட்டி இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவோம், நாகமணி வந்து பார்த்துச் சொல்வாள். முதலில் விளையாட்டாக இருந்தது, பிறகு மற்ற பிரிவுப் பெண்களும் வரிசையில் நின்றார்கள், நாகமணி சொன்னால் சொன்னதுதான் என்று ஆகிவிட்டது. கம்பெனிக் கணக்கு எங்களுக்கு மனப்பாடம்: ஓட்டை சின்னதாக இருந்தால் ஆல்டர், பெரியதாக இருந்தால் ரிஜெக்ட். அதையே வயிற்றுக்கும் வைத்துக்கொண்டோம்.

ரெஜினாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவள், ஒரே ஒரு பெண் குழந்தை. அவளுக்கு இருந்தது சாத்துக்குடி அளவு ஒற்றைக் கட்டி. அவளுக்கு வலி கிடையாது, ரத்தமும் அதிகம் போகாது, குனிந்தால் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். நாகமணி அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, "பெருசு ரெஜினா. ரிஜெக்ட்" என்றாள். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. ரெஜினா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள், எங்க கம்பெனியிலேயே நல்ல கண்ணு அந்த அக்காவுக்குத்தான் என்று சொன்னாள். ஒண்ணு பெத்தாச்சே, இனி அது எதுக்கு என்றார்கள் வீட்டில். ஆவணி முதல் வாரத்தில் அவளை நாலு மாடியில் ஏற்றி இறக்கினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பி வந்தபோது ரெஜினா நேராக நாகமணியின் மேசைக்கு வந்தாள். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே காத்திருக்கிறவர்களிடம் காட்டுவது ஆஸ்பத்திரிகளில் வழக்கம்தானே, அப்படிக் காட்டியதை அவள் அம்மா போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ரெஜினா அந்தப் போனைச் செக்கிங் மேசை மேல், வெளிச்சத்தில் வைத்தாள்.

"பாருங்கக்கா. நல்லா பாருங்க."

நாகமணி பார்த்தாள். பிளந்து வைத்திருந்த கர்ப்பப்பை ஒரு மாசு மருவில்லாமல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, சுவரில் ஒன்றுமில்லை. அந்தச் சாத்துக்குடி அதற்கு வெளியே, விரல் பருமன்கூட இல்லாத ஒரு காம்பில், தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பீஸ்ல எங்கக்கா ஓட்டை?"

நாகமணி போனைக் கையில் எடுத்து அந்தக் காம்பை உற்றுப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருசமா பீஸ் பாக்குறே. பிசிருக்கும் ஓட்டைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாதா? தொங்குற நூலைக் கத்தரிச்சா போதும், முழுப் பீஸையும் ரிஜெக்ட்ல போட்டுட்டியே. டாக்டருக்குத்தான் கண்ணு இல்ல. உனக்கு இருந்துச்சேடி!"

அதுவரைக்கும் நாகமணியை ரெஜினா நீ என்று சொன்னதில்லை. நாகமணி அவள் காலில் விழப் போனாள், ரெஜினா நகர்ந்துகொண்டாள்.

"மன்னிப்பு எனக்கு வேணாம், அதை வெச்சு நான் என்ன செய்ய? உனக்குத் தேதி குறிச்சிருக்காங்களாமே. நீ போய்க் கேளு. உன்னோடதுல எது பிசிரு, எது ஓட்டைன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம அந்த மாடி ஏறுனே, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

நாகமணிக்கும் அப்போது தேதி குறித்தாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தின வாரத்து வெள்ளிக்கிழமை, கம்பெனி லீவோடு சேர்த்து ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று ருக்குமணி கணக்குப் போட்டிருந்தாள். தனபால் கையெழுத்துப் போட்டுவிட்டான். நாகமணிக்குத் தன் கர்ப்பப்பை வேண்டும். குழந்தைக்காகவா என்று கேட்டால் ஆமாம் என்பாள், குழந்தை பிறக்காவிட்டாலும் வேண்டுமா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்பாள். ஆனால் அப்படி யாரும் அவளைக் கேட்கவில்லை. அதே வாரம் செவ்வாய்க்கிழமை அரை ஷிப்ட் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் சொல்லாமல், அவள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். மயக்கம் போட்டு விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று நானும் கூடப் போனேன்.

வரிசை வாசலைத் தாண்டி மரத்தடி வரைக்கும் நின்றது. எங்களுக்கு முன்னால் பழனாத்தாள் என்று ஒருத்தி, நாற்பத்தொன்பது வயது, பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் வயிற்றில் ஒன்பது கட்டிகள், ஐந்து மாதக் கர்ப்பம் மாதிரி உப்பி, மூத்திரப் பையை நசுக்கிக்கொண்டிருந்தன. மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாயிற்று, ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. என்னென்ன வழி உண்டு என்று டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள், "மொத்தமா எடுத்துருங் தாயி. இருவது வருசம் செமந்தது போதும். யாரையும் கேக்க வேண்டியதில்ல, நானே கையெழுத்துப் போடறேன்" என்றாள். டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார். பழனாத்தாள் வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாங்கள் பார்த்தோம், எங்களுக்கும் சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் சின்னப் பெண், கால் வீங்கியிருந்தது, காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத கோபம் முகத்தில் இருந்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்தார். நாகமணிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார், இடப்பக்கம் வந்து பார்த்தார், வலப்பக்கம் வந்து பார்த்தார், தலையைச் சாய்த்துக் கீழிருந்து மேலே பார்த்தார். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேட், படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். காலையில் அங்கேயே எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பன்னெண்டு இருக்க வேண்டிய இடத்துல ஆறு பாயின்ட் ரத்தத்தை வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே வேலை பாக்கறீங்களா? முதல்ல உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. அப்புறம் நான் என்ன செய்யலாம்னு சொல்றேன்."

நாகமணி வாயைத் திறந்தாள், தேம்பித் தேம்பி அழுதாள். பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. டாக்டர் காத்திருந்தார். வரிசையில் நின்றவர்களும் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள்.

"எனக்கு இது இருக்கோணுங்" என்றாள் கடைசியில். "வலியும் போகோணும், இதும் இருக்கோணும். ரெண்டும் கேட்டாப் பேராசைங்களா?"

"பேராசை எல்லாம் இல்ல. யாரு சொன்னா?"

பிறகு டாக்டர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இது பாதிப் பெண்களுக்கு மேல் வருகிற சதைக்கட்டி, கேன்சர் இல்லை, கேன்சராக மாறுவது ரொம்ப ரொம்ப அபூர்வம், அந்தப் பயத்துக்காக எல்லோரும் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கட்டியின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், அது என்ன தொந்தரவு கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். தொந்தரவே இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி மாதிரி உள்ளே வைக்கிற, மருந்து கசிகிற ஒரு சாதனம் இருக்கிறது, சிலருக்கு அதுவே போதும். கட்டிக்குப் போகிற ரத்தக் குழாயை அடைத்து அதை வாட விடுகிற வைத்தியம் இருக்கிறது, ஆனால் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை விட்டுவைக்கலாம், ஆனால் மறுபடி வரலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார். இதில் எதுவும் ஒத்துவராதபோது, அல்லது இனி வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொல்லும்போது, முழுசாக எடுப்பது.

"பெருசு ரெண்டும் சுவருக்குள்ள இருக்கு. இப்போதைக்கு உங்களை ஒண்ணும் பண்ணல, இருந்துட்டுப் போகட்டும். உங்க ரத்தத்தைக் குடிக்கறது இது" என்று உள்ளறையில் எட்டிப் பார்க்கிற சுண்டைக்காயைக் காட்டினார். "வயித்தைக் கிழிக்க வேண்டாம். கீழ் வழியாவே கருவியை விட்டு இதை மட்டும் எடுத்துரலாம். அதுக்கு முன்னாடி ரத்தம் ஏறணும். இரும்புச்சத்து ஊசி எழுதித் தரேன். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில செய்யற மாதிரி லெட்டரும் தரேன்."

"கொழந்தைங்?"

"வாய்ப்பு கூடும். கண்டிப்பா பிறக்கும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் நாகமணி, "ரெஜினாவை இங்க கூட்டிட்டு வந்திருக்கோணும், அவளை நான்தான் கெடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் சமாதானம் சொல்லவில்லை. அவள் சொன்னது உண்மைதான்.

லெட்டரை வீட்டில் காட்டியபோது தனபால் படிக்கவில்லை. "டாக்டருக்கு டாக்டர் ஒண்ணு சொல்லுவாங்க. அங்க எல்லாம் பேசி முடிச்சாச்சு, நான் கையெழுத்தும் போட்டாச்சு. இப்பப் போயி வேண்டாங்கறதுக்கு மரியாதையா இருக்குமா?" என்றான். யாருக்கு மரியாதை என்று அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அந்த லெட்டரையும் பையில் எடுத்துக்கொண்டு டெம்போவில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரெஜினாவும் நானும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே பஸ்ஸில் போனோம். ரெஜினா வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது மாடியில் காத்திருக்கும் ஹால். பச்சை கவுன் போட்ட கண்ணாடி வயிற்றுக்காரிகள் இருபது பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் ஸ்டீல் நாற்காலிகளில் புருஷன்மார்கள், ஆளுக்கொரு போன். நர்ஸ் வந்து நாகமணி என்று கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். தியேட்டர் பக்கம் போகாமல் நேராகத் தனபாலுக்கு முன்னால் போய் நின்றாள். கவுனின் முடிச்சை அவிழ்த்து வயிறு தெரிகிற மாதிரி விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ற ரத்தத்தைக் குடிக்கறது எதுங்? காட்டுங்க. சரியாக் காட்டிட்டீங்கன்னா நான் பேசாமப் போயிப் படுத்துக்கறேன்."

"இதென்ன புள்ள, இத்தனை பேருக்கு முன்னால..."

"காட்டுங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெரியதைக் காட்டினான்.

"இல்லீங்."

அடுத்ததைக் காட்டினான்.

"அதுமில்லீங். மூணாவது எங்கீங்?"

"மூணாவதா?" என்றான் தனபால். அவன் குரலில் பொய் இல்லை. மூன்றாவது ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மூன்று மாதமாக அவன் பக்கத்தில் படுத்து எழுந்த வயிறு அது.

சத்தம் கேட்டு டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். நாகமணி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க காட்டுங்கம்மா. எதுன்னு நீங்க காட்டினாலும் நான் வரேன்" என்றாள்.

"மொத்தமா எடுக்கப் போறோம். எதுன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

"அப்படீன்னா உங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமுங். நான் வரலை."

"ஹஸ்பெண்ட் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"போட்டவரையே படுக்கச் சொல்லுங்க" என்றாள் நாகமணி.

ரெஜினா எழுந்து போய், நாகமணி அவிழ்த்துக் கொடுத்து மடியில் வைத்திருந்த சேலையை நீட்டினாள். நாகமணி திரைக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள், வயிற்றுப் பட்டியை மட்டும் கட்டவில்லை. கோயம்புத்தூர் லெட்டரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ரெஜினா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். தனபால் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து அவர்கள் பின்னால் ஓடினான்.

நாகமணியின் பையை எடுக்க நான் ஒரு நிமிடம் தங்கியதால் அப்புறம் நடந்ததைப் பார்த்தேன். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அந்தப் பெண், நாற்பது வயது இருக்கும், எழுந்து எதிர் நாற்காலியில் இருந்த தன் புருஷனிடம் போனாள். "ஏனுங், எனக்கு எதுங்?" என்று கேட்டாள். அந்தக் குரல் சண்டைக்குக் கேட்கிற குரலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலாக இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி, சுவரோரம் இருந்த அத்தனை பேரும் எழுந்து எதிர் வரிசைக்கு வந்து கவுனை விலக்கி நின்றார்கள். ஆண்கள் போன்களைக் கீழே வைத்தார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, கல்யாணமான இருபது வருடத்தில் முதல்தடவையாக அவளுக்கு முன்னால் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எது என்று அவருக்குத் தெரியவில்லை.